தவிட்டுப் பிள்ளை

என் தங்கச்சி சங்கரேஸ்வரியின் புருஷன் பேச்சிராஜாவைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க மதினி, ஆனா என்னையப் பெரிய ஆளா ஆக்கிராதிய" என்றார். ஆக்குகிற உத்தேசம் எனக்கும் இல்லை. அவர்மேல் எனக்குப் பல வருஷக் கோபம் இருந்தது. அது தீர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

பேச்சிராஜா லிஃப்ட் மெக்கானிக். பம்பாயில் செம்பூரிலும் வடாலாவிலும் இருக்கிற பழைய கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் அவருக்குத்தான் போன் வரும். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் நேரே மாடிக்கு, மிஷின் ரூமுக்கு ஓடுவார்கள். இவர் முதலில் லிஃப்ட் எந்த மாடிக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அங்கே போய், கம்பிக் கதவுக்கு வெளியே தரையில் உட்காருவார். உள்ளே இருப்பவர் அலறிக்கொண்டிருப்பார். "டரோ மத், மைன் இதர் ஹீ ஹூன்" என்பார். பயப்படாதீங்க, நான் இங்கேதான் இருக்கேன் என்று அர்த்தம். பேர் என்ன, எந்த மாடி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்து, உள்ளே இருப்பவரின் மூச்சு சீரான பிறகுதான் பை எடுத்துக்கொண்டு மேலே போவார். செம்பூரில் ஒரு குஜராத்தி அம்மாள், "ராஜா பாய் வரவில்லை என்றால் நான் லிஃப்டை விட்டு இறங்க மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்ததாகச் சொல்வார்கள். அந்தம்மாளுக்கு வேறு வழியும் இல்லை என்பது வேறு விஷயம்.

வேலை முடிந்ததும் அந்த வீடுகளில் டீ கொடுப்பார்கள். நின்றுகொண்டே குடிப்பார். கப்பைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கிளம்புவார். வெளியார் வீட்டில் இது மரியாதை. என் கோபம் என்னவென்றால், சொந்த வீட்டிலும் அவர் இப்படித்தான்.

சாப்பிட்ட தட்டை யாரும் தொடவிடமாட்டார். இரண்டாவது தடவை சோறு கேட்கமாட்டார். காய்ச்சல் வந்தால் சொல்லமாட்டார், மாத்திரை அட்டை குப்பையில் கிடப்பதைப் பார்த்து என் தங்கச்சி தெரிந்துகொள்வாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் ரசம் வைத்தாள். ஊற்றிக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து அழுதாள். "குடிக்கான், அடிக்கான்னு சொன்னா பஞ்சாயத்துக்கு நாலு பேரு வருவாவ. எம் புருஷன் உப்பு கேக்க மாட்டேங்கார்னு நான் யாருட்டக்கா போய்ச் சொல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளுக்காக வயிறும் எரிந்தது.

அவருடைய அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேர் முத்துமாரி. தாராவியில் ஒரு கார்மெண்ட்ஸ் பட்டறையில் காலமெல்லாம் நூல் வெட்டும் வேலை பார்த்தவள். தைத்து வரும் சட்டைகளில் தொங்குகிற நூலைக் கத்தரித்துப் போடுவது. புருஷன், பேச்சிராஜா சின்னப் பையனாக இருந்தபோதே நெஞ்சு நோயில் போய்விட்டார். ஒற்றையாளாக நின்று பிள்ளையைப் படிக்கவைத்து ஐடிஐ வரைக்கும் அனுப்பினாள். ஆனால் பேச்சிராஜா அவளை அம்மா என்று கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. சித்தி என்றுதான் கூப்பிடுவார். கல்யாணம் பேசவந்த தரகரும், "பையனுக்குப் பெத்தவ இல்ல, சித்திதான் வளத்தா" என்றுதான் சொன்னார். எங்கள் அம்மா முத்துமாரியிடம், பெற்றவள் எப்போது தவறிப்போனாள் என்று கேட்டதற்கு, அவள் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு, "அதெல்லாம் விடுங்க, பிள்ளை நல்லாருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். செத்துப்போன அக்காவின் இடத்துக்குத் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு வருவது நம் பக்கம் நடக்கிறதுதானே. முத்துமாரிக்கும் அவருக்கும் முகஜாடை இருந்ததற்கும் அதுவே காரணமாகிவிட்டது. அதற்குமேல் நாங்களும் கிண்டவில்லை.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். டீச்சர் டிரெயினிங்கில் குழந்தை உளவியல் என்று ஒரு பாடம் இருந்தது. வியன்னாவில் ஒரு டாக்டர் இருந்தாராம். பெரியவர்கள் செய்கிற கோணங்கித்தனத்துக்கெல்லாம் விதை ஐந்து வயதுக்குள் விழுந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தாராம். வாய்ப் பருவம், குதப் பருவம் என்று குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்திருந்தார். இரண்டாவது பருவம் வந்தபோது எங்கள் லெக்சரர் முகம் சிவந்துபோய், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். பரீட்சையில் அதுதான் வந்தது. அந்தப் பாடத்தில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். பேச்சிராஜாவை வைத்து அதைத் திரும்ப யோசிப்பேன் என்று அப்போது நினைக்கவில்லை.

போன வருஷம் அவர்கள் தாராவி ரூமைவிட்டு செம்பூரில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். முத்துமாரி பழைய ரூமிலேயே இருந்தாள். கொஞ்ச நாளில், மாடியில் இருக்கிற அந்த ரூமுக்கு ஏறும் இரும்பு ஏணியில் கால் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கிற நிலைமைக்கு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை ரூமுக்குத் தூக்கித்தான் ஏற்றினார்கள். இனி தானாக ஏணி ஏறி இறங்க முடியாது, தெருக்கோடிக் கக்கூசுக்கும் போக முடியாது. தனியாக இருக்க வழியில்லை. என் தங்கச்சி, அத்தையைச் செம்பூருக்குக் கூட்டி வந்துவிடுவோம் என்றாள். மற்ற வீடுகளில் மருமகள் முரண்டு பிடிப்பாள், மகன் கெஞ்சுவான். இங்கே தலைகீழ். பேச்சிராஜா வேண்டாம் என்றார். தாணேயில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு, எல்லா ஏற்பாடும் முடித்துவிட்டு வந்துதான் சொன்னார்.

முத்துமாரியும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "நல்ல இடமாம்லா, சாமி ரூமெல்லாம் இருக்காம்" என்று எங்களிடமே பெருமையாகச் சொன்னாள். சொல்லும்போது கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. எனக்குப் பேச்சிராஜாவை நாலு அறை அறையலாம் போல இருந்தது. என் தங்கச்சி அவரிடம் எதற்கு இப்படி என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். அவர் சொன்ன ஒரே பதில், "அவங்க கடமை முடிஞ்சிருச்சு சங்கரி, இனியாவது நிம்மதியா இருக்கட்டும்" என்பதுதான். கடமையாம். சித்தியாம்.

இந்த நேரத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்களுடைய மகள் சாப்பிட அடம்பிடித்தாள். என் தங்கச்சி, எல்லா வீட்டிலும் சொல்கிற மாதிரி, "நீ எம் பிள்ளையே இல்லட்டி, உன்னையத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்றாள். பிள்ளை பம்பாய்ப் பிள்ளை, "தவிடுன்னா க்யா மம்மி?" என்று கேட்டது. சிரிக்க வேண்டிய இடம். பேச்சிராஜா தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். குழம்பும் சோறும் சுவர் முழுக்க. "இன்னொரு தடவ இந்த வார்த்தை இந்த வீட்டுல வரக் கூடாது" என்று கத்திவிட்டு, கீழே இறங்கிப் போய்விட்டார். அதுவரை அவர் குரல் உயர்ந்து அந்தப் பிள்ளை கேட்டதில்லை. இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. வடாலாவில் ஏதோ ஒரு கட்டடத்தின் மிஷின் ரூமில் படுத்துக் கிடந்திருக்கிறார். திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சுவரைக் கழுவினார், கறை போகாததால் சுண்ணாம்பு வாங்கிவந்து அடித்தார்.

நான்தான் அவரை மகாதேவன் டாக்டரிடம் போகச் சொன்னேன். மகாதேவன் மாட்டுங்கா ஆள், மனநல மருத்துவர். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், செம்பூரில் ஒரு தர்ம டிஸ்பென்சரியில் சனிக்கிழமை தோறும் உட்காருகிறார். எங்கள் பள்ளிப் பெற்றோர்கள் சிலரை அவரிடம் அனுப்பியிருக்கிறேன். மாத்திரை அவசரமாக எழுதமாட்டார். பேசவிட்டுக் கேட்பார். அந்த வியன்னாக்காரர் வழியில் வந்தவர். பேச்சிராஜா போகமாட்டார் என்று நினைத்தேன். சுவரில் அந்தச் சுண்ணாம்புத் திட்டைப் பார்க்கும்போதெல்லாம் மகள் ஒதுங்கிப் போனதைத் தாங்க முடியாமல், போனார்.

அங்கே நடந்ததெல்லாம் பிறகு அவரே எங்களிடம் சொன்னதுதான். முதல் நாள் டாக்டரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. டாக்டர் கொஞ்சம் பின்னால் தள்ளி, இவர் கண்ணில் படாதபடி உட்கார்ந்திருந்தாராம். "ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு மதினி. அதுல பேரிங் போயிருக்கு" என்றார். அடுத்த வாரம் சீக்கிரமே போய் ஃபேனைக் கழற்றிச் சரி செய்துவிட்டு உட்கார்ந்தார். டாக்டர், "இங்க வந்தா ஏதாவது வேலை பண்ணிக் கொடுத்தாதான் உக்காரலாம்னு தோணறதா உங்களுக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் இவருக்கு வாய் திறந்தது.

பேச்சிராஜாவுக்குக் கடையநல்லூர்ப் பக்கம். நாலு வயது வாக்கில் பம்பாய் வந்தார். ஊரைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு ஞாபகம்தான் உண்டு. ஒரு பஸ் ஸ்டாண்ட். வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அவளை இவர் அம்மா என்று கூப்பிடுகிறார். அவள் இவர் கையில் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து, "சித்திகூடப் போ ராசா" என்று அழுகிறாள். பஸ் கிளம்புகிறது. அவள் ஏறவில்லை.

பம்பாய் வந்தபின் முத்துமாரி இவரை அக்கம்பக்கத்தாரிடம், "இது தவிட்டுப் பிள்ளை" என்று சொல்வாள். கேட்டவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், தங்கள் பிள்ளைகளையும் அப்படித்தானே கேலி செய்கிறார்கள். இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏழெட்டு வயதில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். வெள்ளைத் துணி போர்த்தியவள் தாலி அறுத்த பொம்பளை. வளர்க்க வழியில்லாமல் பெற்ற பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இவர்கள் வாங்கி வந்துவிட்டார்கள். அதனால்தான் இவளை அம்மா என்று கூப்பிடச் சொல்லவில்லை, சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள். ஊர் நினைத்த மாதிரி அவருடைய அம்மா செத்துப்போகவில்லை. எங்கேயோ உயிரோடு இருக்கிறாள். இதை அவர் அப்பா இருந்தபோது அப்பாவிடம் கேட்கவில்லை, சித்தியிடமும் கேட்கவில்லை, பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று பயந்தாரோ, அது அவருக்கே தெரியாது.

மகாதேவன் டாக்டர் இதை நம்பினார். அவர் சொன்னதைப் பேச்சிராஜா ஒப்பித்தபோது எனக்கு டிரெயினிங் பாடம் முதல்தடவையாக விளங்கியது. ஒரு வயதில் எல்லாக் குழந்தைக்கும் ஒரு சந்தேகம் வருமாம். திட்டு வாங்கின அன்றைக்கு, நான் இவர்கள் பிள்ளையே இல்லை, என்னைப் பெற்றவர்கள் வேறு எங்கேயோ இருக்கிறார்கள், என்றாவது வந்து கூட்டிப் போவார்கள் என்று நினைத்துக்கொள்ளுமாம். பெற்றவர்களைவிட்டு மனதளவில் கொஞ்சம் விலகி வளர்வதற்குக் குழந்தை செய்துகொள்கிற கற்பனை அது. பெரும்பாலும் தானே கலைந்துவிடும். "மத்த கொழந்தைகள் கற்பனை பண்ணிக்கறதை உங்களுக்கு நெஜமாவே பண்ணிட்டா" என்றாராம் டாக்டர். ஒரு தடவை கைமாற்றிவிடப்பட்ட குழந்தை, இரண்டாம் தடவையும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வளர்ந்திருக்கிறது. தொந்தரவு கொடுக்காமல், எதையும் கேட்காமல், ஏதாவது வேலை செய்து கொடுத்துக்கொண்டு இருந்தால் வைத்துக்கொள்வார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயது, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறது. உப்பில்லாத ரசம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

சித்தியை ஏன் தாணேக்கு அனுப்புகிறீர்கள் என்றும் டாக்டர் கேட்டிருக்கிறார். பெறாத பிள்ளைக்காக எவ்வளவு காலம்தான் சுமப்பார்கள், அவர்களுக்கும் விடுதலை வேண்டாமா என்று இவர் சொல்லியிருக்கிறார். "அவா போயிட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாராம்.  இவர் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். கிளம்பும்போது டாக்டர், உங்களைப் பெற்றவளைப் பற்றிச் சித்தியிடம் ஒரு தடவையாவது கேட்டுவிடுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி அனுப்பினார்.

தாணேக்குக் கிளம்ப வேண்டியது திங்கட்கிழமை. ஞாயிறு மத்தியானம் பேச்சிராஜா தாராவி ரூமுக்குப் போனார். தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் என் தங்கச்சியையும் என்னையும் கூட்டிப் போனார். முத்துமாரி பெட்டி கட்டி வைத்திருந்தாள். சேலைகள், மாத்திரை டப்பா, பேச்சியம்மன் படம். வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களுக்கு டீ போட்டாள். சொன்னால் கேட்கமாட்டாள். பேச்சிராஜா டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒன்று கேட்கவேண்டும் என்றார். கேளு என்றாள்.

"எங்கம்மா பேரு என்ன சித்தி?"

முத்துமாரி சிரித்தாள். "இப்ப என்னலே திடீர்னு? சுலைகா."

எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் ஓடவில்லை. முத்துமாரி பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனாள். அடுத்த வீட்டு ராவுத்தர் பெண்டாட்டி சுலைகா. ஞாபகம் இல்லையா? பம்பாய்க்குக் கிளம்பின அன்றைக்குத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து, முறுக்கு வாங்கிக் கொடுத்து அழுதாளே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையநல்லூர்ப் பக்கம் அந்தக் காலத்துத் துலுக்க வீட்டுப் பெண்கள் வெளியே போனால் வெள்ளைத் துப்பட்டி போர்த்துவார்கள். பம்பாயில் இவர் பார்த்து வளர்ந்ததெல்லாம் கறுப்பு புர்கா. வெள்ளை என்றால் இவருக்குத் தாலி அறுத்தவள்தான். ஒரு துணியின் நிறத்தை வைத்து இவ்வளவு காலம் ஒரு விதவைத் தாயை மனதுக்குள் வைத்து வளர்த்திருக்கிறார். ஆனால் அவருக்கு அந்த நிமிஷம் அதுவும் விளங்கவில்லை. தன்னைப் பெற்றவள் சுலைகா என்றுதான் எடுத்துக்கொண்டார். 

"அப்ப அவங்கதான் என்னையப் பெத்ததா?" என்று கேட்டார்.

முத்துமாரி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். விளையாடுகிறாரா என்று என்னையும் பார்த்தாள்.

"பெத்ததா? என்னலே கேக்க?" என்றவள், வெளியே கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தி, "பெத்தது நாந்தாம்லே" என்றாள்.

அப்புறம்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சிராஜாவுக்கு முன்னால் முத்துமாரிக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். ஒன்று குப்புற விழுகிற பருவத்தில் போனது, இன்னொன்று பேர் வைக்கும் முன்பே போனது. மூன்றாவதாக இவர் பிறந்ததும், பிள்ளை தங்காத வீட்டில் செய்கிறதைச் செய்தார்கள். குழந்தையைச் சுளகில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றுவிட்டார்கள். சுலைகாவுக்குப் பிள்ளைகள் எல்லாம் கல்லுக்குண்டாக இருந்தன, அதனால் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள். வாங்கின கையோடு, "எம் பிள்ளைய நீ வளத்துக் குடு" என்று முத்துமாரியிடமே திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து பிள்ளைக்கு அம்மா சுலைகா. பெற்றவள் சித்தி. எமன் முத்துமாரி பிள்ளை எங்கே என்று தேடி வந்தால், அப்படி ஒருவன் இல்லை என்று திரும்பிப் போய்விடவேண்டும். கும்பிட்ட சாமி பேரையே வைத்தார்கள். அப்படியும் பயம் விடவில்லை.

"அந்தத் தவிட்ட என்ன செஞ்சிய அத்தை?" என்று என் தங்கச்சி அழுதுகொண்டே கேட்டாள். எங்கே என்ன கேட்பது என்று அவளுக்கு எப்போதும் தெரியாது.

"மாட்டுக்கு வச்சேன். வேற என்ன செய்ய?" என்றாள் முத்துமாரி.

இதை ஏன் ஒரு நாள்கூட சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அவனுக்குத் தெரியாது என்று தனக்கு எப்படித் தெரியும் என்றாள். யோசித்தால் அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். கல்யாணத்துக்கும் வந்தார்கள், "உங்கம்மாவ நல்லாப் பாத்துக்க" என்றுகூட இவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை இவர் மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். உன் அம்மாதான் உன் அம்மா என்று ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு யார் சொல்லப்போகிறார்கள்? எங்கள் அம்மா கேட்டபோது இவள் ஏன் மழுப்பினாள் என்பதும் தெரிந்தது. நான்தான் பெற்றவள் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால், இத்தனை வருஷம் ஏமாற்றி வைத்ததெல்லாம் வீணாகிவிடுமே.

பேச்சிராஜா எழுந்தார். போனை எடுத்து, நாளைக்கு வரவில்லை என்று தாணேக்குச் சொன்னார். வைத்துவிட்டு வெளியே போய் ஏணிப் படியில் உட்கார்ந்துகொண்டார். முத்துமாரிக்கோ கோபம். எல்லாம் பேசி முடித்து இடம் ஒழித்து வைத்திருக்கிறார்கள், சொன்ன சொல்லை மாற்றக் கூடாது, அடுத்த வாரமாவது போய்விடவேண்டும், யாருக்கும் பாரமாக இருக்க முடியாது என்றாள். அவள் அதைச் சொன்ன விதம் அப்படியே பேச்சிராஜா. ஜாடை மூக்கில் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. என் தங்கச்சி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அவள் மசியவில்லை.

சனிக்கிழமை டாக்டரிடம் போனபோது பேச்சிராஜா இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.  சித்தி என்றால் மாற்றாந்தாய் என்று தானும் சேர்ந்து நினைத்துவிட்டதாக மகாதேவன் ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஆனா பஸ் ஸ்டாண்டுல நின்ன அந்தக் கொழந்தைக்கு இதெல்லாம் தெரியாதே. அதுக்கு வலிச்சது நெஜம். அதை நாம பொய்னு சொல்லிட முடியாது." நடந்தது வேறு என்று தெரிந்ததால் இத்தனை வருஷப் பழக்கம் மறுநாளே மாறிவிடாது, நிதானமாக வாருங்கள், பேசுவோம் என்றார். கடைசியில், முடிந்தால் அவர்களை ஒரே ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதைவிட நல்ல முடிவு எதுவும் இருக்க முடியாது என்று என் தங்கச்சியிடமும் சொன்னேன்.

மறுநாள் நாங்கள் திரும்பவும் தாராவிக்குப் போனோம். தெருமுனையில் டாக்ஸி நின்றது. கட்டிய பெட்டி கட்டியபடியே இருந்தது. முத்துமாரி குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாணேக்குத்தானே என்று கேட்டாள். பேச்சிராஜா இல்லை என்றார். அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். செம்பூர் வீடு சின்ன வீடு, பிள்ளை படிக்க இடம் வேண்டும், நான் இருமினால் யாருக்கும் தூக்கம் வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேச்சிராஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு நீ வேணும்" என்றார்.

என் தங்கச்சி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் வாயிலிருந்து வேணும் என்ற வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை.  அவர் வாக்கரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "வீட்டுக்கு வா. வாம்…" என்றார், அம்மா என்பதை முழுதாகச் சொல்லக்கூட இல்லை.

முத்துமாரி நாற்காலியில் இருந்தபடியே பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு எப்படிக் குனிந்தாளோ. வாக்கர் சாய்ந்து தரையில் விழுந்தது. அவள் முகத்தில் இருந்தது அச்சு அசலான பயம்.

"வேண்டாம்லே. அந்தப் பேரச் சொல்லாத."

"எனக்கு நாப்பது வயசாச்சு" என்றார் அவர், அவள் கைக்குள்ளிருந்து.

"ஆனா என்ன? வயசப் பாத்தா வருது அது?" அவள் கையை எடுக்கவில்லை. அவர் தலையைத் தன் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னையச் சித்தின்னு கூப்பிடும்போதெல்லாம், எம் பிள்ள உசுரோட இருக்கான்னுதான் எனக்குக் கேக்கும். ரெண்டு பிள்ளையப் பறி குடுத்தவளுக்கு அதவிட என்னலே வேணும்?"

டாக்டரின் யோசனையும் என் யோசனையும் அங்கேயே நின்றுபோயின. நான் அழுதேன், சொல்வதற்கென்ன. பேச்சிராஜா அவள் மடியிலிருந்து தலையை எடுக்காமலே, "சித்தி" என்றார்.

"ஆங்" என்றாள் முத்துமாரி.

இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"ஆங், வாரேன்" என்றாள்.